மாப்பிள்ளையைக் கொடுத்துக் கோல்போஸ்ட் வாங்குவதா?

கோல்கீப்பராக நிற்கிறவனுக்கு ஆட்டம் முழுக்க ஒரே ஒரு முதுகுதான் தெரியும். கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற ஸ்டாப்பரின் முதுகு. அந்த முதுகு உறுதியாக நின்றால் நாம் பாட்டுக்கு வேடிக்கை பார்க்கலாம். அது தடுமாறினால் அடுத்த நொடி பந்து நம் வயிற்றைப் பார்த்து வரும். வலைக்குள் போய்விட்டால் ஊர் மொத்தமும் நம்மைத்தான் திட்டும். கோட்டை விட்டது முன்னால் நின்ற ஆள் என்று யாரிடம் போய் முறையிடுவது? அதிலும் அந்த முதுகு சொந்த அக்கா புருஷனுடையது என்றால் வாய்க்குள் முனகக்கூட வழியில்லை.

எங்கள் ஊர் வில்லியனூர்ப் பக்கம். மாமாவின் ஊர் பாகூர் ஏரிக்கு அந்தண்டை. மின்துறையில் கம்பம் ஏறுகிற வேலை. எங்கள் வீட்டு வாசற்படி நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து வருகிற உயரம். அவரை நாங்கள் எப்படி எங்கள் டீமுக்குப் பிடித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்து நடத்துகிற லீக்கில் வெளியாள் ஆடக் கூடாது என்பது கட்டுப்பாடு. பிறந்த ஊருக்கு ஆடலாம். இல்லையென்றால் பெண் எடுத்த ஊருக்கு ஆடலாம். மாப்பிள்ளையைப் பார்த்து வெளியாள் என்று சொல்ல எந்த ஊருக்கும் வாய் வராது அல்லவா, அதனால் வந்த சலுகை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் வீட்டார் பையனின் வேலையை விசாரிப்பார்கள். எங்கள் டீம் அவனுக்கு இடது காலா வலது காலா என்று விசாரிக்கும். அக்கா கல்யாணத்தில் எங்கள் கேப்டன் மேடையேறி மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு காதில் குனிந்து, "மாப்ள, எங்களுக்கு ஸ்டாப்பர் இல்லீங்க" என்றார். கேப்டன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். எதையும் நேராகப் போய் மோதித்தான் கேட்பார். மாமா மாலையோடு தலையாட்டினார். அவர் ஊரில் அப்போது வேறொரு கெட்டிக்கார ஸ்டாப்பர் இருந்ததால் இவரைப் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே அவர்களும் தடை சொல்லவில்லை.

மாமாவின் ஆட்டத்தைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம், இரண்டுமே உண்மை. கரியமாணிக்கத்தில் ஆடியபோது அவர் தலையைத் தாண்டி ஒரு பந்தும் வரவில்லை. நான் கோல்போஸ்டில் சாய்ந்துகொண்டு, பக்கத்து வயலில் நாற்று நடுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உறுவையாற்றிலும் அப்படித்தான், அந்த ஊர்க்காரர்களே கை தட்டினார்கள். ஆனால் அதே மனிதர் எங்கள் ஊர் மைதானத்தில் இறங்கினால் வேறு ஆள். ஃபார்வர்டு ஒருத்தன் பந்தைத் தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டிப் போவான். மாமா தெருவில் தெரிந்தவர் யாரோ போவதைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்ப்பார். குனிய மாட்டார், குதிக்க மாட்டார். ஒருமுறை கார்னர் பந்து நேராக அவர் நெற்றிக்கு வந்தது. அவர் ஏப்பம் விட்டார். அது கோல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மாமாவை எப்படிக் கேட்பது? "மாமா, கொஞ்சம் முன்னால போயி நில்லுங்க மாமா" என்று மரியாதை கொடுத்து முடிப்பதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டுப் போய்விடுவான். என்னை விடுங்கள், டீமில் ஒருத்தனும் அவரைத் திட்ட மாட்டான். ஊர் மாப்பிள்ளை. தோற்றுப்போய் வெளியே வந்தால்கூட முதல் சோடா அவருக்குத்தான்.

சொந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மைதானம் வாய்க்கால் பக்கம் சரிவாக இருக்கிறது என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். அதற்காக மாமாவின் பூட்ஸில் ஒரு எலுமிச்சம் பழத்தை வைத்தார்கள்; அதை எடுக்க மறந்துவிட, அவரும் அப்படியே காலை விட்டுவிட்டார். எதுவும் பலிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாமாவின் பிறந்த ஊரில் அந்தக் கெட்டிக்கார ஸ்டாப்பர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அந்த ஊர் டீமின் தலைவர் எங்கள் டீக்கடைக்கே வந்துவிட்டார். டீயைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்கூரு புள்ளைய எங்களுக்கே குடுத்துடுங்கபா. சும்மா வாணாம். புதுசா இரும்புல கோல்போஸ்ட் ரெண்டு செட்டு வந்துருக்கு, நைலான் நெட்டோட. ஒரு செட்ட நீங்க எடுத்துக்குங்க."

இதைக் கேட்டதும் எங்கள் ஆட்களின் கண் விரிந்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் கோல்போஸ்ட் சவுக்குக் கம்பு. வலை, பூரணாங்குப்பத்தில் கேட்டு வாங்கி வந்த பழைய மீன் வலை. எத்தனை முறை அலசினாலும் அதில் கவிச்சி போகாது. ஆட்டம் நடக்கும்போதே பூனைகள் வந்து என் பின்னால் உட்கார்ந்திருக்கும். எதிர் டீம் கோல் போட்டால் அவைதான் முதலில் எழுந்து ஓடும்.

மாமாவைக் கொடுத்துவிடலாமா என்று பேச, மாமா இல்லாத வாட்ஸப் குரூப் ஒன்று ஆரம்பித்தார்கள். என்னை அதில் சேர்த்ததற்குக் காரணம் நான் கோல்கீப்பர் என்பது. என்னை நம்பாமல் பார்த்ததற்குக் காரணம் நான் மச்சான் என்பது. "ஆடுற நாளு ஆடுறாரு, ஆடாத நாளு நம்மள சாவடிக்கிறாரு. கோல்போஸ்ட்டு எல்லா நாளும் ஒரே மாதிரி நிக்கும்பா" என்று ஒருவன் குரல் அனுப்பியிருந்தான். நியாயமான பேச்சுதான். கோல்கீப்பராக எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் மாப்பிள்ளையைக் கொடுத்து இரும்பு வாங்கின ஊர் என்று பெயர் வந்தால் அக்கா இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா? பொங்கலுக்குக்கூட வர மாட்டாள்.

கடைசியில் ஓட்டுப் போடலாம் என்றார் கேப்டன். அறுவடை மிஷினை வரப்பு இடிக்காமல் திருப்புகிற மனிதர், கைபேசியில் மட்டும் வழி தவறுவார். "ஸ்டாப்பரக் குடுத்துடலாமா, வாணாமா" என்ற ஓட்டெடுப்பை மாமா இருக்கிற குரூப்பிலேயே போட்டுவிட்டார். அழிக்கத் தெரியாமல் கேப்டன் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தபோதே முதல் ஓட்டு விழுந்தது. போட்டவர் மாமா. "குடுத்துடலாம்" என்று போட்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னா மாமா இப்பிடி பண்ணிட்டீங்க?"

"வேற இன்னா மச்சான் பண்றது? எம்மேல எனக்கே கோவமா வருது. உங்கூரு கிரவுண்டுல எறங்குனாலே காலு ரெண்டும் கல்லு கட்டுனாப்ல ஆயிடுது. ஏன்னு தெரியல."

"எங்களுக்கு ஆட உங்களுக்குப் புடிக்கலையா?"

"புடிக்காமயா அங்கேர்ந்து வண்டியோட்டினு வர்றேன்? எங்கூர்ல பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து தேஞ்சி போனவன் நான். மொத மொதல்ல எறங்கி ஆடுனதே உங்களுக்குத்தான். அதுக்குன்னு உங்கள தோக்கடிச்சினு இருக்க முடியுமா?"

அவர் பேச்சை முடித்த கையோடு அக்கா அவர் போனைப் பிடுங்கியது தெரிந்தது. "டேய், எம்புருஷன இரும்புக் கடையில எடைக்குப் போடறீங்களா நீங்க?" என்று ஆரம்பித்தவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது, நான் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில், மாமாவின் பிறந்த ஊரோடுதான் ஆட்டம். அதில் மாமா நன்றாக ஆடினால் இந்தப் பேச்சே கிடையாது. வழக்கம்போலக் கோட்டை விட்டால் ஆட்டம் முடிந்ததும் அவரை அவர்களோடு அனுப்பிவிடுவது. நானும் சரியென்றேன். மாமா இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் காலையிலேயே நான் மைதானத்துக்குப் போய்விடுவேன். வலை கட்டுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் என் வேலை. மத்தியானத்துக்கு டீக்கடையில் இரண்டு பன். அன்றைக்கு வலை கட்டும் வேலையைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். எப்படியும் சாயங்காலம் நைலான் வலை வந்துவிடும் என்ற உற்சாகம் அவர்களுக்கு. அதனால் நான் மத்தியானம் வீட்டில் இருந்தேன். ஆட்ட நாளில் மாமா எங்கள் வீட்டில் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை, மரியாதை. சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு யார் மூலமாவது சொல்லுவாள். மாமாவும் பதிலை அந்த ஆள் மூலமாகவே சொல்லுவார். திரை காற்றில் ஆடும், இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்கும்; இருந்தாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். தலைவாழை இலை. நாட்டுக்கோழிக் குழம்பு, சங்கரா மீன் வறுவல், முட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையச் சேமியா பாயசம். சோறு குன்று மாதிரி இருந்தது.

"இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கச் சொல்லுடி" என்றது திரை.

மாமா இரண்டு கையாலும் இலையை மறைத்தார். "போதும்னு சொல்லேன்" என்றார் அக்காவிடம்.

"போதுமாம்மா."

"கூச்சப்பட்டுனு சொல்லுவாரு. நீ போடு."

அக்கா அவர் விரல் இடுக்கு வழியாகவே போட்டாள். போட்டுக்கொண்டே என்னிடம், "எங்கூட்ல ரெண்டு சப்பாத்தியோட எழுந்துடுவாருடா. எங்கம்மா கைன்னா மட்டும் இத்தினி எறங்குது பாரு" என்று குறைப்பட்டாள். அவளுக்கு அதில் பொறாமை வேறு. மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். கார்னர் பந்து வந்தபோது அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. வெளியூர் ஆட்டத்துக்கு இவர் வீட்டில் சாப்பிட்ட சப்பாத்தியோடு நேராக வந்துவிடுகிறார். எங்கள் ஊரில் ஆட்டமென்றால்தான் மாமியார் வீட்டு விருந்து. மைதானம் சரிவாம், கண்ணேறாம்! மனுஷன் ஒரு முழுக்கோழியைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "எம்மா, இன்னாம்மா பண்ற? இன்னும் கொஞ்ச நேரத்துல மேட்ச்சும்மா!"

"மேட்ச் இருக்குன்னுதான்டா தெம்பா போடறேன். அவ்ளோ நேரம் ஓடணுமே, பாவம்."

"உன் கொழம்பாலதாம்மா அவரு ஓட முடியாம நிக்கறாரு. இன்னிக்கும் நின்னார்னா அவர குடுத்துட்டு கோல்போஸ்ட் வாங்கப் போறாங்க."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். யாரைக் கொடுத்து எதை வாங்குவது என்று அவளுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் தான் தெம்புக்குப் போட்டதெல்லாம் மாப்பிள்ளையின் காலைக் கட்டியிருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நம்பியதும் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு ஐயோ என்றிருந்தது. வெளியே மாமா மென்று விழுங்குவதைக்கூட நிறுத்தியிருந்தார். சாப்பிடுகிற மாப்பிள்ளையிடம் இலையை விட்டு எழுந்திரு என்று சொல்வது எங்கள் பக்கம் நடக்கிற காரியமில்லை. சொன்னால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்து மூடினாள். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "மிச்சத்த சாயங்காலம் வந்து சாப்புடச் சொல்லு. எதுவும் எங்கியும் போயிடாது, மூடி வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றாள்.

"சரின்னு சொல்லு மச்சான்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

மாமாவின் ஊர்க்காரர்கள் குட்டியானை வண்டியில் கோல்போஸ்ட்டை ஏற்றிக் கட்டிக்கொண்டே வந்து இறங்கினார்கள். அவ்வளவு நம்பிக்கை. பெயின்ட் வெயிலில் பளபளத்தது. எங்கள் பையன்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே போய் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் என் கவிச்சி வலைக்கு முன்னால் போய் நின்றேன். பூனைகள் வந்திருந்தன. கூடவே, எதிர்பாராத விதமாக, அம்மாவும் அக்காவும். மைதானத்தின் பக்கமே வராத அம்மா, தன் குழம்பு என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்து, நேராக என் வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா அன்றைக்கு ஆடினார் பாருங்கள், கரியமாணிக்கத்து மாமா எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். குதித்தார், குனிந்தார், சறுக்கிப் போய்ப் பந்தைக் கரும்புத் தோட்டத்துக்குள் தள்ளினார். முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். ஆனால் என் பின்னால்தான் ஓயாத தொல்லை. அம்மாவுக்கு ஆட்டம் பிடிபட ஆரம்பித்துவிட்டது; இடைவேளைக்குப் பிறகு நான் பக்கம் மாறியதும் அவளும் எழுந்து வந்து என் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"டேய், அவர கொஞ்சம் முன்னால போவச் சொல்லுடா!"

"மாமா, முன்னால போவச் சொல்றாங்க!"

"அந்த செவப்பு சட்டக்காரன் தனியா நிக்கறான் பாரு, அவன்கிட்ட போவச் சொல்லு!"

"மாமா, செவப்பு சட்ட!"

கோலைக் காப்பதா, மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் திரை பிடிப்பதா? ஆனாலும் அம்மா சொன்ன இடம் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முடிகிற நேரம். அவர்கள் பந்தை நீளமாகத் தூக்கி அடித்தார்கள். நான் முன்னால் வந்து பிடித்துவிடலாம் என்று ஓடினேன். பந்து நிலத்தில் பட்டு என் தலைக்கு மேலே எழும்பிப் போனது. கோலில் ஆளில்லை. சிவப்புச் சட்டைக்காரன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். மாமா, நான் பிடித்துவிடுவேன் என்று நம்பி நின்றுவிட்டிருந்தார். நான் குப்புறக் கிடந்தேன், வாயில் மண். அம்மா சொன்னால் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

"மாப்ள! ஓடுங்க மாப்ள! பந்து போவுது!"

அம்மாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மாமா ஓர் இமைப்பொழுது அந்தக் குரலைக் கேட்டு அதிர்ந்தார். பிறகு ஓடினார். அப்படி ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை. கோட்டின் மேல் போய் விழுந்து பந்தை வெளியே உதைத்தார். உதைத்த வேகத்தில் வலைக்குள் சுருண்டு, சவுக்குக் கம்போடு சேர்ந்து சாய்ந்தார். பூனைகள் சிதறின. மீன் வலைக்குள் மாட்டிக்கொண்டு மாமா படுத்துக் கிடக்க, அம்மா எழுந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஊதியதை யாரும் கவனிக்கவில்லை.

கேப்டன் வந்து மாமாவை வலையிலிருந்து எடுத்தார். மாமாவின் ஊர் டீம் தலைவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாபா, கோல்போஸ்ட்ட எறக்கறதா வாணாமா?" என்று கேட்டார்.

"எங்க கம்பு ஒடஞ்சிதான் போச்சு" என்றார் கேப்டன். "ஆனா வாணாம். எடுத்துனு போங்க."

குட்டியானை பளபளப்போடு அப்படியே திரும்பிப் போனது. அதைப் பார்த்து எங்கள் பையன்களில் ஒருத்தன் பெருமூச்சு விட்டதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் புதுக் கம்பு வெட்டி வந்தோம். வலையைத் தைக்கப் பூரணாங்குப்பத்துக்கே கொண்டு போனோம். அதில் இன்னும் கொஞ்சம் கவிச்சி சேர்ந்துகொண்டது.

ஆட்டம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அம்மா சொன்னபடி எல்லாம் மூடிதான் இருந்தது. குழம்பைச் சூடாக்கிப் புது இலை போட்டாள் அக்கா. மாமா முழங்கையில் சிராய்ப்போடு உட்கார்ந்து பசியாகச் சாப்பிட்டார். இலையில் சோறு குறைந்தபோது திரை அசைந்தது. இன்னும் போட்டுக்கச் சொல்லு என்று வரும் என்று நானும் அக்காவும் காத்திருந்தோம். வரவில்லை. திரையை ஒதுக்கிவிட்டு அம்மாவே வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. கண் மட்டும் தரையில்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா மாப்ள?"

மாமா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார்.

"என்ன ஏன் மாமா பாக்கறீங்க? உங்களத்தான் கேக்கறாங்க."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "போதும் அத்த" என்றார்.

அம்மா உடனே கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை ஒருவர் 'போதும்' என்று சொல்லி அது போதுமாக எடுத்துக்கொள்ளப்பட்டது அதுதான் முதல் தடவை. அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அம்மா திரைக்குள் போகத் திரும்பினாள். அதற்குள் மாமா தொண்டையைச் செருமினார்.

"அத்த, கொழம்பு மட்டும் கொஞ்சம்."